மலையக மழைக்கு எந்த டெனிஸ் தளம்?

வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக் களிமண் டெனிஸ் தளங்கள் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவை ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் களிமண் டெனிஸ் கோட் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை அதில் கால் வைக்க முடியாது. செயற்கைக் களிமண் போட்டால் பராமரிப்பே தேவையில்லை, எந்தக் காலநிலையிலும் ஆடலாம் என்று ஒரு விற்பனை முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– விளையாட்டுக் கழகச் செயலாளர், மஸ்கெலியா

பதில்: பாதியை நம்பலாம். உங்கள் ஊரின் மழையை வைத்துப் பார்த்தால் அந்தப் பாதியே பெரிய இலாபம்தான். எது உண்மை, எது விற்பனைப் பேச்சு என்று பிரித்தறிய, பழைய தளம் மழையில் ஏன் கெடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செங்களிமண் தளத்தின் மேற்பரப்பில் கிடப்பது பெரும்பாலும் நொறுக்கிய செங்கல் தூள். பிரெஞ்சு ஓபன் போட்டி நடக்கும் பாரிஸின் ரோலண் காரோஸ் ஆடுகளங்களில் கூட, தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்தச் சிவப்புப் படலத்தின் கனம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் மட்டுமே. அதன் கீழே நொறுக்கிய வெண்சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, பெருங்கல் என்று அடுக்குகள் இறங்கிச் செல்கின்றன. நீரைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுவது இவ்வடுக்குகளின் வேலை. தூள் அளவான ஈரத்தில் இருந்தால்தான் ஒன்றோடொன்று பற்றி நிற்கும். காய்ந்தால் காற்றோடு போகும், மிதமிஞ்சி நனைந்தால் சேறாகும். எனவே வெயிலில் நீர் தெளிப்பதும், ஆட்டம் முடிந்ததும் தூளைச் சமப்படுத்தத் தரையில் இழுவலை இழுப்பதும், ரோலர் உருட்டுவதும், கோட்டுப் பட்டிகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் கிளம்பியிருந்தால் அடித்து இறக்குவதும், ஆண்டுக்கு ஓரிரு தொன் புதுத் தூள் சேர்ப்பதும் தவிர்க்க முடியாத வேலைகள். இவற்றுக்கு ஆள் இருந்தாலும், தென்மேல் பருவமழை விடாமல் பெய்யும் மஸ்கெலியாவில் அந்தத் தளத்துக்குக் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை.

செயற்கைத் தளத்தில் அந்தத் தூளுக்கு ஒரு பிடிமானம் கொடுக்கப்படுகிறது. பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலிஎத்திலீன் இழைகளால் ஆன, மயிர் குட்டையான கம்பளம் ஒன்றை விரித்து, இழைகளுக்கு இடையே செந்நிற மணலையோ சுட்ட களிமண் துகளையோ நிரப்புகிறார்கள். மேலே ஒரு மெல்லிய படலம் தளர்வாகவே விடப்படுவதால், அசல் களிமண்ணில் போலக் காலைச் சறுக்கிக்கொண்டு பந்தை எட்ட முடிகிறது. கம்பளத்தின் அடிப்புறத்தில் துளைகள் இருப்பதால் மழைநீர் நேரே கீழே இறங்கிவிடுகிறது. கோடுகள் கம்பளத்திலேயே பதிந்திருப்பதால் ஆணி அடிக்கும் வேலையும் இல்லை. சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தின் தள வகைப்பாட்டில் இது அசல் களிமண்ணோடு சேராத தனி வகை.

‘எந்தக் காலநிலையிலும்’ என்பதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தூறலில் ஆடலாம், கனமழை விட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் இறங்கலாம், கொட்டும் மழையில் எந்தத் தளத்திலும் ஆட முடியாது. தளம் தாங்கினாலும் பந்தின் கம்பளி நீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதை முகவர்கள் சொல்வதில்லை.

‘பராமரிப்பே தேவையில்லை’ என்பதை மட்டும் ஏற்க வேண்டாம். நீர் தெளிப்பதும் ரோலரும் இல்லாமற் போகலாம், தூரிகை போகாது. ஆடுபவர்கள் கடைக்கோட்டின் நடுவே நின்று சறுக்கிச் சறுக்கி, அந்த இடத்துத் துகளைப் பின்னாலும் பக்கங்களுக்கும் தள்ளிவிடுகிறார்கள். அங்கே இழைகளின் நுனி வெறுமையாகி, பளபளத்து, ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். கையை வைத்துத் தடவினால் ஓரத்தில் மணல் நெருடும், நடுவில் பிளாஸ்டிக் வழுக்கும். அப்படி ஆனபின் கம்பளம் தேய்வதை நிறுத்துவது கடினம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துகளை இழுத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது அகன்ற தூரிகையால் தளம் முழுவதையும் வார வேண்டும். குறைந்து போன துகளை அவ்வப்போது நிரப்ப, கட்டும்போதே சில மூடைகளைக் கூடுதலாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் கைவிடப்பட்ட சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. பழைய மாணவர் சங்கம் கம்பளத்துக்குப் பணம் தர முன்வந்துள்ளது. சீமெந்தின் மேலேயே விரித்துவிடலாமா? அல்லது பக்கத்து மேட்டை வெட்டிச் சமப்படுத்திப் புதிதாகப் போடுவது நல்லதா?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: கம்பளம் கடைசியில் பேச வேண்டிய விடயம். மலைநாட்டில் இத்தகைய தளங்களின் ஆயுளைத் தீர்மானிப்பது மண்ணுக்குக் கீழே செலவழிக்கப்படும் பணம்தான் என்பது எமது உறுதியான கருத்து. உங்கள் பழைய மாணவர்கள் இதை ஏற்கத் தயங்கலாம். திறப்பு விழாவில் அடித்தளத்தைப் படம் பிடிக்க முடியாதல்லவா.

சீமெந்துத் தளம் நீரைக் கீழே விடாது. மேலிருந்து கம்பளத்தின் துளைகள் வழியே இறங்கும் நீர் சீமெந்தின் மேல் நின்று, பக்கவாட்டில் ஓடித்தான் வெளியேற வேண்டும். தளம் முழுவதும் ஒரே பக்கமாக, நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற அளவில் சரிந்து, பள்ளமோ வெடிப்போ இல்லாமல் இருந்தால், இடையில் நீர் வடியும் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல் கம்பளம் விரிப்பது சாத்தியமே. ஒரு நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். சீமெந்தில் நீர் தேங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வாருங்கள். வட்டங்கள் ஓரிரண்டுக்கு மேல் இருந்தால் அந்தத் தளத்தை மறந்துவிடுவது நல்லது. பள்ளத்தில் நிற்கும் நீரில் துகள் கூழாகிக் கட்டிபடும், கம்பள மூட்டுகளின் பசை விடும், அதன் பிறகு பாசி வரும்.

மேட்டை வெட்டுவதென்றால் முதற் கேள்வி இடம். ஆட்டக் கோடுகள் 23.77 மீற்றர் நீளமும் 10.97 மீற்றர் அகலமும் கொண்டவை; ஆனால் பின்னாலும் பக்கத்திலும் ஓட இடம் வேண்டுமாதலால், வேலிக்குள் ஏறக்குறைய 36.57 மீற்றருக்கு 18.29 மீற்றர் சமதரை தேவைப்படும். அது கிட்டத்தட்ட 670 சதுர மீற்றர். காலையும் மாலையும் வெயில் கண்ணில் அடிக்காதிருக்க நீளவாட்டு வடக்கு தெற்காக அமைவது நல்லது. மலைச்சரிவு அதற்கு எப்போதும் இடங்கொடுக்காது. இவ்வளவு பெரிய தட்டைச் சரிவில் வெட்டும்போது ஒரு பாதி வெட்டிய கடினத் தரையிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் அமைந்துவிடும். கொட்டிய மண் ஓரிரு மழைக்காலங்களில் அமிழும். அமிழ்ந்தால் ஆடுகளத்தின் நடுவே, வலைக்குச் சற்று அப்பால், ஒரு படி உண்டாகும். ஆகவே மண்ணைச் சிறுசிறு அடுக்குகளாகக் கொட்டி ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். முடிந்தால் ஒரு பருவமழையைக் கடக்கவிட்டு மேல்வேலையைத் தொடங்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இப்படி நிலத்தை வெட்டிக் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பெற வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது கான். மேட்டுப் பக்கத்திலிருந்து கசிந்து வரும் நீரை ஆடுகளத்துக்குள் வரவிடாமல் மறிக்க, தளத்தின் அடியைவிட ஆழமான கான் ஒன்று மேல்விளிம்பு நெடுகிலும் ஓட வேண்டும். அதன் வாய், நீர் தடையின்றிப் போகக்கூடிய இடத்தில் திறக்க வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நகரத்து ஒப்பந்தக்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நிலத்தின் மேல் மண்ணும் கல்லும் கலக்காதிருக்க ஒரு துணிவிரிப்பு, அதன் மேல் இறுக்கிய கருங்கற் சல்லி, அதன் மேல் இடைவெளியுள்ள தார்ச்சல்லி அடுக்கு ஒன்று, கடைசியாகக் கம்பளம் என்பது பொதுவான ஒழுங்கு. நம் வீதிகளுக்குப் போடும் நெருக்கமான தாரைப் போட்டுவிட்டால் சீமெந்துத் தளத்தின் கதைதான் மீண்டும் நடக்கும். கம்பளம் விரிப்பதற்கு முன் தார்ச்சல்லியின் மேல் பல இடங்களில் ஒவ்வொரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய இடத்திலேயே அது மறைய வேண்டும். மூன்று மீற்றர் மட்டப்பலகையை எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளிகூடத் தெரியக் கூடாது. இவ்விரண்டு சோதனைகளும் முடிந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கம்பளம் பத்தாண்டு அளவில் மாற்றப்படும் பொருள். ஒழுங்காகக் கட்டிய அடித்தளம் இரண்டு மூன்று கம்பளங்களைக் காணும். சங்கம் தரும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அடித்தளத்தைக் கட்டுங்கள். தார்ச்சல்லியின் மேலேயே கோடு போட்டுப் பிள்ளைகள் ஆடத் தொடங்கலாம். கம்பளம் பின்னர் வரட்டும்.

கேள்வி: கொழும்பில் ஆடும்போது கட்டுக்குள் இருக்கும் பந்து, நுவரெலியாவில் கோட்டைத் தாண்டிப் பறக்கிறது. செயற்கைக் களிமண் இதற்கு மருந்தாகுமா?
– பாடசாலை வீரர், நுவரெலியா

பதில்: ஓரளவுக்கு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று தடுப்பது குறைவதால் பந்து வேகம் இழக்காமல் நீண்ட தூரம் போகிறது. பந்துக்குக் கொடுக்கும் சுழற்சியும் அதைக் கீழே இழுப்பது குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால், உள்ளே அழுத்தமுள்ள சாதாரணப் பந்து இன்னும் விறைத்து உயர எழும்புகிறது.

களிமண்ணும் அதன் செயற்கை வடிவமும் பந்தின் முன்னோக்கிய வேகத்தை உராய்வால் பிடித்து நிறுத்துவதால் உங்களுக்கு ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் தளங்களின் வேகத்தை ஓர் எண்ணால் குறிக்கிறது. 29க்கு உட்பட்டவை மந்தமான தளங்கள், 45க்கு மேற்பட்டவை வேகமானவை. செயற்கைக் களிமண் தளங்கள் பொதுவாக மந்தமான பக்கத்தில் நிற்பவை. எனினும் களிமண் பந்தை உயரவும் எழுப்பும் என்பதால், தோளுக்கு மேலே வரும் பந்தை அடிக்கும் பயிற்சி உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

பறக்கும் பந்துக்கு உண்மையான மருந்து பந்துதான். 1,219 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று விதிகளில் தனிப் பந்துகள் உண்டு. 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து போட்டால் சாதாரணப் பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழ வேண்டும். உயரமான இடத்துக்கென்று செய்யப்படும் அழுத்தப் பந்து 122 முதல் 135 வரைதான் எழும். உள்ளே அழுத்தமே இல்லாத பந்தை, ஆடும் இடத்தின் உயரத்திலேயே 60 நாட்கள் வைத்துப் பழக்கிவிட்டு ஆடவும் விதி இடமளிக்கிறது. தளம் கட்ட நிதி திரட்டுவதற்கு முன் சில பெட்டி பந்துகளை வரவழைத்துப் பாருங்கள்; செலவு எவ்வளவோ குறைவு.

கேள்வி: கம்பளத்துக்கு இறக்குமதித் துகளுக்குப் பதிலாக ஆற்று மணலோ உள்ளூர்ச் செங்கல் தூளோ போட்டால் என்ன?
– விடுதி உரிமையாளர், பண்டாரவளை

பதில்: ஆற்று மணல் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வண்டலும் மண்ணும் கம்பளத்தின் துளைகளையும் தார்ச்சல்லியின் இடைவெளிகளையும் சில மழைகளிலேயே அடைத்துவிடும். கடல் மணலில் உப்பும் சிப்பியும். செங்கல் தூளில் மாவு போன்ற மென்தூள் அதிகம், அதுவும் அடைக்கும். வென்னப்புவ, தங்கொட்டுவைப் பக்கத்து ஓடு, செங்கல் சூளைகளின் உடைசலை அரைத்துச் சலித்தால் அசல் களிமண் தளத்துக்கு அது நல்ல பொருளே. செயற்கைத் தளத்துக்கு அல்ல. கம்பளம் செய்தவர் குறிப்பிடும் பருமனில், கழுவி உலர்த்திச் சலித்த துகள் உள்நாட்டில் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உத்தரவாதம் செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோ என்று வைத்தாலே ஓர் ஆடுகளத்துக்கு ஆறேழு தொன், இருபது கிலோ கேட்கும் கம்பளமானால் பதின்மூன்று தொன். உங்களுக்கு ஆனி, ஆடியில் மழை இல்லாத ஊவாப் பக்கம் என்பதால் அந்த மாதங்களில் நிரப்பும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்; துகளும் கம்பளமும் உலர்ந்திருந்தால்தான் அது இழைகளுக்குள் சீராக இறங்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் சுவரிலும் கூரையிலும் பாசி. கம்பளத்தில் வராதா?
– வட்டவளை வாசகர்

பதில்: வரும். நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையில் வராவிட்டால்தான் வியப்பு. நிழல், ஈரம், உதிர்ந்த இலை ஆகிய மூன்றும் கூடும் மூலையில் முதலில் பச்சைப் படலம் தெரியும், பெரும்பாலும் வேலியோரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில். ஆடுகளத்தை அடுத்து டர்பன்டைன் மரம் நின்றால் அதன் இலையும் பட்டையும் மக்கி, துகளோடு கலந்து பாசிக்கு எருவாகின்றன. கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்வதும், இலையைக் கூட்டி வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும், ஆடாத மூலைகளையும் தூரிகையால் கிளறிவிடுவதும் மருந்தைவிடப் பயன் தரும். மருந்து தெளிக்கத்தான் வேண்டும் என்றால் கம்பளம் செய்தவர் அனுமதித்ததை மட்டும் தெளியுங்கள். குளோரின் தூளை அள்ளிக் கொட்டாதீர்கள்.

நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் உறைபனி விழுந்திருந்தால், அது உருகும்வரை தூரிகை போட வேண்டாம்.

கேள்வி: இந்தப் பிளாஸ்டிக் எல்லாம் கடைசியில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தானே போகும்?
– ஆசிரியர், டிக்கோயா

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாடு, செயற்கைப் புல் மைதானங்களில் நிரப்பும் பிளாஸ்டிக், இரப்பர் மணிகளின் விற்பனையை எட்டாண்டு அவகாசத்துடன் தடை செய்கிறது. செயற்கைக் களிமண்ணில் நிரப்புவது மணலோ சுட்ட களிமண்ணோ என்பதால் அந்தச் சிக்கல் இங்கே இல்லை. தேய்ந்து உதிரும் கம்பள இழை இருக்கவே செய்கிறது, அதை மறுப்பதற்கில்லை. கானின் வாயில் வண்டல் தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சேரும் மணலையும் இழைத்துணுக்கையும் மழைக்காலத்தில் அடிக்கடி வாரி எடுத்தால் பெரும்பகுதியை மறிக்கலாம். துகளை நிறைவாக வைத்திருப்பதும் இழை தேய்வைக் குறைக்கும். பழைய கம்பளத்தை என்ன செய்வது என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் கேளுங்கள். 670 சதுர மீற்றர் பிளாஸ்டிக்கைச் சுருட்டித் தேயிலை மலையில் போட்டுவைப்பது பதிலாகாது.

கேள்வி: சிவப்புக்குப் பதிலாக நீலத்தில் போடலாமா? மூடுபனியில் பந்து தெளிவாகத் தெரியும் என்கிறார்கள்.
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: செயற்கைத் தளத்தில் நிறம் உங்கள் விருப்பம். மஞ்சள் பந்து நீலத்தில் நன்றாகத் தெரியும் என்பதும் சரியே. 2012ல் மத்ரித் போட்டியில் அசல் களிமண்ணுக்கே நீலம் ஏற்றியபோது தளம் வழுக்குவதாக நடாலும் ஜோக்கோவிச்சும் கடுமையாகக் குறை கூறினார்கள். அடுத்த ஆண்டே சிவப்பு திரும்பியது. சிக்கல் தளத்தின் வழுக்கலில் இருந்தது. கண்ணுக்கு நீலம் உதவவே செய்தது. மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க வேலி மறைந்துவிட்டால் எந்த நிறமும் உதவாது.

கேள்வி: மகள் கொழும்பில் அசல் களிமண்ணில் நடக்கும் போட்டிகளுக்குப் போகிறாள். செயற்கைத் தளப் பயிற்சி போதுமா? முழங்கால் பற்றியும் கவலை.
– தந்தை, ஹட்டன்

பதில்: சீமெந்திலோ அக்ரிலிக் தளத்திலோ பயிற்சி செய்துவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல். நீண்ட ஆட்டங்களுக்கான பொறுமை, உயரமான பந்து, சறுக்கி நிற்கும் கால் ஆகிய மூன்றும் இங்கேயே பழகிவிடும். சறுக்கும்போது கால் சட்டென்று பிடித்து நிற்காததால் மூட்டுகளில் விழும் அதிர்ச்சியும் குறைகிறது. வேறுபாடுகள் இரண்டு. அசல் களிமண்ணில் சறுக்கல் நீளம். அதோடு அன்றைய ஈரத்துக்கு ஏற்ப மாறும், காலையில் ஒன்று, நண்பகலில் வேறு. செயற்கைத் தளம் என்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் இந்த மாற்றத்துக்கு அவள் பழகியிருக்கமாட்டாள். பந்து விழுந்த தடமும் அசல் களிமண்ணில் தெளிவாகப் பதியும், அதைக் காட்டி நடுவரிடம் கேட்கலாம். கம்பளத்தில் தடம் மங்கலாகவே தெரியும். ஆகவே போட்டிக்கு ஓரிரு நாள் முன்னதாகக் கொழும்புக்குப் போய் அந்தத் தளத்தில் ஆட வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

சப்பாத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடிப்பாகம் முழுவதும் வளைந்து வளைந்து செல்லும் நெருக்கமான வரிகள் கொண்ட களிமண் சப்பாத்து இரண்டு தளங்களுக்கும் பொருந்தும். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தின் குமிழ்கள் கம்பளத்தில் சிக்கிக் கணுக்காலைத் திருப்பிவிடக் கூடும்.